கம்பெனி பேர் சொல்லாத வீடு

அத்தியாயம் 9

போன வாரம் ப்ரியம்வதாவை லேப்டாப் முன்னால் திகைத்துப்போய் உட்கார்ந்த கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவளை எழுப்பிவிடலாம். அதற்கு முன், வழியில் ஏறிக்கொண்ட வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தேசிகன், வேதவதி தம்பதியின் வீட்டுக்கு வாழ வந்தவள் ப்ரியம்வதா. கணவன் லக்ஷ்மிகாந்த் பேங்க் பயிற்சிக்காக இந்த வாரம் ஹைதராபாத்தில் இருக்கிறான். அவளுக்கு வேலை கொடுத்திருப்பது ஒரு சென்னை நிறுவனம். அந்த வேலையை அவள் உட்கார்ந்து பார்ப்பது மாடி அறையில். பம்ப், மோட்டார் தயாரிக்கிற தொழிலை அலசி ஆராய்ந்து அறிக்கை எழுதும் அனலிஸ்ட்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிகள் பெரிய முடிவு எதையாவது ஊருக்கு அறிவிக்கும் முன்னால், அனலிஸ்டுகள் சிலரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடும். கேள்வி கேட்கலாம், எழுதவும் ஆரம்பிக்கலாம். ஆனால் குறித்த தேதி வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது.

வாயை மூடிக்கொள்வது சுலபம். முகத்தை மூடிக்கொள்வதுதான் பெரும் பாடு. கல்யாணமான புதிதில் மாமனார் தேசிகன் ஒரு மோட்டாரின் பேரைச் சொல்லி, "இது நல்லதாம்மா?" என்று கேட்க, இவள் ஒரு நொடி தயங்கித் தொலைத்தாள். "மாட்டுப்பொண் முகமே சரியில்லை, அந்தக் கம்பெனி அவ்வளவுதான்!" என்று அவர் வீதியெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கே ப்ரியம்வதா சட்டம் போட்டுவிட்டாள். எந்தக் கம்பெனியைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்: "கம்பெனி விஷயம் நான் பேச மாட்டேன்." தெரிந்தாலும் அதே பதில், தெரியாவிட்டாலும் அதே பதில். பம்ப்பானாலும் பற்பசையானாலும் அதே முகம். எல்லாவற்றுக்கும் மௌனமாக இருந்தால், எந்த மௌனத்துக்கும் யாரும் உரை எழுத முடியாதல்லவா?

அந்தச் சட்டத்தின் பலன் சமையலறையில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது தேசிகன் மருமகளைக் கேட்டார். வழக்கமான பதில் வந்தது. தாமாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தார். அது ஓடும்போது முனகும். நின்றால் பெருமூச்சு விடும். உள்ளே வைத்த பால் கெட்டுப்போவதும் அடிக்கடி நடப்பதுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?" என்று வேதவதி அதைத் திறக்கும்போதெல்லாம் கேட்பாள். மூடும்போதும் கேட்பாள்.

போகப் போக, ப்ரியம்வதாவின் காதில் விழும்படி அந்த வீட்டில் யாரும் கம்பெனி பேரே எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. எடுத்தால் அவள் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள், அப்புறம் காய் நறுக்க ஆள் கிடைக்காது.

நாத்தனார் மாலினிக்கு வரன் வந்தபோதும் அந்தப் பழக்கம்தான் நடந்தது. மாப்பிள்ளை இன்ஜினீயர், எடமலைப்பட்டி புதூரில் சொந்த வீடு, திருச்சியிலேயே உத்தியோகம். இவ்வளவுதான் மன்னியிடம் சொன்னார்கள். மாலினி ஒரு கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறாள். இந்த வருஷம்தான் வேலை நிரந்தரமாயிற்று. "திருச்சியை விட்டு நான் நகரமாட்டேன்" என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. அதனால் மாப்பிள்ளையின் சம்பளத்தைவிட அவன் இருக்கும் ஊர்தான் எல்லாருக்கும் இனித்தது.

போன புதன்கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அமிர்தவாகினி பம்ப்ஸ் என்ற கம்பெனி அனலிஸ்டுகளை ஆன்லைனில் கூப்பிட்டு, திருச்சியில் இருக்கும் தன் டிசைன் பிரிவை அப்படியே புனேக்கு மாற்றப்போவதாகச் சொன்னது. வரும் புதன்கிழமை அறிவிப்பு. அதுவரை பரம ரகசியம்.

"திருச்சியில வேலை பாக்கறவங்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டது ப்ரியம்வதா ஒருத்திதான். டிசைன் பிரிவின் சார்பில், முகம் காட்டாமல், ஒரு ஆண் குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்ல கேள்வி... நானும் அதைத்தான் கேட்டுண்டிருக்கேன்" என்று சொல்லத் தொடங்கியது. உடனே யாரோ அந்தக் குரலை ஊமையாக்கிவிட்டார்கள். அதில்தான் நம் ப்ரியம்வதா திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

இனி, ஞாயிற்றுக்கிழமை காலை. பெண் பார்க்க வருகிறார்கள்.

*

"மன்னி, எனக்கு அவர்கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியலை" என்றாள் மாலினி. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். புடவை கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா மூன்று தடவை விரட்டியாயிற்று.

"கிளாஸ்ல அத்தனை பசங்களைக் கேள்வி கேட்டே கொல்றே. இதுக்குப் போய் கேள்வி கிடைக்கலையா?"

"அது சிலபஸ்ல இருக்கு. இது இல்லையே."

ப்ரியம்வதா சிரித்தாள். "நான் என் வேலையில என்ன பண்ணுவேன்னு சொல்லட்டுமா? நாளைக்கு என்ன நடக்கும்னு யாரையும் கேக்க மாட்டேன். யாருக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டா. இது நடந்தா என்ன பண்ணுவேள், அது நடந்தா என்ன பண்ணுவேள்னு கேப்பேன். அந்தப் பதில்லதான் ஆள் யாருன்னு தெரியும்."

"எனக்கு எது முக்கியமோ, அது ஆட்டம் கண்டா நீங்க என்ன பண்ணுவேள்னு கேக்கணும். அதானே?"

"அதேதான். இப்பப் போய்ப் புடவை கட்டிக்கோ, இல்லேன்னா அம்மா என்னையும் சேர்த்துப் பஜ்ஜி போட்டுடுவா."

அந்த நிமிஷம் வரை ப்ரியம்வதாவுக்கு மாப்பிள்ளையின் கம்பெனி எதுவென்று தெரியாது. இதை நீங்கள் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவள் இதைத் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை ரகுநந்தன் தன் அம்மா கோமளவல்லியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். அவன் அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் வரவில்லை. மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் பேனா, முகத்தில் பரீட்சைக்கு வந்த களை.

"வாங்கோ, வாங்கோ!" என்று தேசிகன் ஹாலையே நிறைத்தார். கொள்ளிடத்தில் தண்ணீர், கோயிலில் கூட்டம் என்று ஒரு சுற்றுப் பேசி முடித்தார். மாலினி வந்து சேவித்துவிட்டு உட்கார்ந்தாள். ப்ரியம்வதா பஜ்ஜித் தட்டோடு வந்தாள்.

சமையலறையிலிருந்து வேதவதியின் குரல் அலறியது. "பால் திரிஞ்சுடுத்து! நேத்து வாங்கின பால்! எல்லாம் இந்த ஃப்ரிட்ஜ் பண்ற வேலை!"

தேசிகன் சமாளித்தார். "மாப்பிள்ளை, பால் வர கொஞ்சம் நாழியாகும். அதுவரைக்கும் பாலில்லாத கட்டங்காபி சாப்பிடுவேளா?"

ரகுநந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நல்ல கேள்வி" என்றான்.

ப்ரியம்வதாவின் கையில் இருந்த தட்டு சாய்ந்து, ஒரு பஜ்ஜி உருண்டு தேசிகனின் வேஷ்டியில் தஞ்சம் புகுந்தது.

"அடடா! மன்னிச்சுக்கோங்கோ அப்பா!"

இப்போது ரகுநந்தன் தலையைத் தூக்கினான். அந்தக் குரலை அவன் எங்கே கேட்டிருக்கிறான்? கண்டுபிடிக்க அவனுக்கும் அதிக நேரம் ஆகவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் இரண்டு பேரும் பஜ்ஜியைப் பார்த்தார்கள். உள்ளே ஃப்ரிட்ஜ் முனகியது.

இதையெல்லாம் கதவோரம் நின்றிருந்த வேதவதி பார்த்தாள். அந்த அம்மாளின் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட நகர்ந்ததில்லை.

"ரகு எந்தக் கம்பெனின்னு உங்களுக்குத் தெரியுமோல்லியோ? அமிர்தவாகினி பம்ப்ஸ்" என்று கோமளவல்லி பெருமையாக ஆரம்பித்தாள். "படிச்சு முடிச்ச நாள்லேர்ந்து திருச்சியிலேயேதான்..."

ப்ரியம்வதா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "கொஞ்சம் மாடிக்குப் போயிட்டு வந்துடறேன்."

கம்பெனி பேரைச் சொன்னால் அவள் எழுந்து போவது அந்த வீட்டில் எல்லாருக்கும் பழகிய காட்சி. அதனால் யாரும் எதுவும் நினைக்கவில்லை, வேதவதி ஒருத்தியைத் தவிர. வீட்டுச் சட்டம் முதல் தடவையாக ப்ரியம்வதாவுக்கே கைகொடுத்தது.

*

மாடி அறைக் கதவைச் சாத்திவிட்டு, சென்னையில் இருக்கும் தன் மேலதிகாரி பேட்ரிசியாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டால் பேட்ரிசியா சர்ச்சில் இருப்பாள். இன்றும் அங்கேதான் இருந்தாள், வெளியே வந்து எடுத்தாள்.

"என்ன ப்ரியா, என்ன அவசரம்?"

"மேடம், என் நாத்தனாரைப் பெண் பாக்க வந்திருக்கறவர், புதன்கிழமை மீட்டிங்ல பேசின டிசைன் ஆளு. இப்பதான் தெரியும். குரலை வெச்சுக் கண்டுபிடிச்சேன்."

பேட்ரிசியா சிரிக்கக் கூடாது என்று முயன்றாள், முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீயே சொல்லு. என்ன பண்ணணும்?" என்றாள்.

அதைத்தான் ப்ரியம்வதா படியேறும்போதே முடிவு செய்திருந்தாள். சொல்வதற்குத்தான் மனசு வரவில்லை. அமிர்தவாகினியைப் பற்றி மூன்று மாதமாக எழுதிய அறிக்கை. முதல் தடவையாக அட்டையில் அவள் பேர் மட்டும் வரப்போகிற அறிக்கை. லக்ஷ்மிகாந்த் அதை பிரேம் போட்டு மாட்டப்போவதாகக் கேலி செய்துகொண்டிருந்தான். கேலி இல்லை, நிஜமாகவே அவனுக்கு ஆசை.

"என்னை அந்த ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடுங்க மேடம். வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அவங்க நாளைக்கு எங்க வீட்டு மாப்பிள்ளை ஆகலாம். அந்தக் கம்பெனியைப் பத்தி நான் நல்லா எழுதினாலும் தப்பு, கெட்டதா எழுதினாலும் தப்பு."

"நம்ம டீம்ல இருக்கற சரத்குமார்கிட்ட குடுத்துடறேன். ஃபைலை மத்தியானத்துக்குள்ள அனுப்பிடு. இன்னொண்ணு, உன் நாத்தனார்கிட்ட 'யோசிச்சு முடிவு பண்ணு'ன்னுகூடச் சொல்லக் கூடாது. 'நல்ல பையன், பண்ணிக்கோ'ன்னும் சொல்லக் கூடாது. இந்தப் பக்கமும் தள்ளாதே, அந்தப் பக்கமும் தள்ளாதே. கஷ்டம்தான்."

"தெரியும் மேடம்."

தெரியும் என்றுதான் சொன்னாள். போனை வைத்ததும் அழுகை வந்தது. ரிப்போர்ட்டுக்காக இல்லை. மாலினிக்கு இருப்பது ஒரே ஒரு நிபந்தனை. அது புனேக்கு ரயிலேறப்போகிறது என்று இந்த வீட்டில் தனக்கு மட்டும் தெரியும். தன்னைக் கூடப்பிறந்தவள் போல வைத்துக் கொண்டாடுகிறவளிடம் அதைச் சொல்ல வாயில்லை. நாளைக்கு அவளுக்குத் தெரியும்போது, "உனக்கு முன்னாடியே தெரியுமா மன்னி?" என்று கேட்பாளே, அப்போது என்ன பதில் சொல்வது?

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்தாள். படியின் கடைசியில் வேதவதி நின்றிருந்தாள்.

"பையன் எப்படி?"

"கம்பெனி விஷயம் நான் பேச மாட்டேன் அம்மா."

"பையன் கம்பெனி இல்லைடி! பையன்! சிவப்பா, பேனா வெச்சுண்டு உக்காந்திருக்கானே, அவன் எப்படின்னு கேக்கறேன்."

"பால் வந்துடுத்தான்னு பாக்கறேன்" என்று ப்ரியம்வதா நழுவினாள். வேதவதியின் சந்தேகம் இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்தது.

*

கோமளவல்லி ஒரு யோசனை சொன்னாள். "எல்லாருமா கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவிச்சுட்டு வந்துடலாம். வழியில குழந்தைகள் ரெண்டும் நாலு வார்த்தை பேசிக்கட்டும். திரும்பி வந்ததும் ரெண்டு பேர் மனசையும் கேட்டுண்டு தட்டு மாத்திக்கற நாளைப் பேசலாம். நாளைக்கு நானும் அவரும் பெங்களூர் போறோம், பொண்ணு பிரசவத்துக்கு. வர நாளாகும்."

ஆக, முடிவு இன்றைக்கே. தேசிகன் வேஷ்டி மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் காவல் இருந்தார், மற்றவர்கள் கிளம்பினார்கள். கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அம்மாக்கள் இருவரும் முன்னால் மைசூர்பாகு நெய்யைப் பற்றிப் பேசிக்கொண்டு போக, பின்னால் மாலினி, ரகுநந்தன், துணைக்கு மன்னி.

தாயார் சந்நிதியில் திரை போட்டிருந்தார்கள். உள்ளே தாயார் தளிகை அமுது செய்யும், அதாவது நைவேத்தியமாகும் நேரம். அம்மாக்கள் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மாலினி துளசி வாங்கப் பத்தடி தள்ளிப் போனாள்.

அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவன் போல ரகுநந்தன் குரலைத் தாழ்த்தினான். "நீங்கதானே புதன்கிழமை..."

"இன்னிக்கு நான் மாலினிக்கு மன்னி. அவ்வளவுதான்."

"எனக்கும் வாயைத் திறக்க அனுமதி இல்லை. ஆனா விஷயத்தை மறைச்சு வெச்சுண்டு ஒரு பொண்ணுகிட்ட சம்மதம் வாங்கறது எனக்கு என்னமோ போல இருக்கு. பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடலாமான்னு பாக்கறேன்." அவன் மாலினி நின்ற திசையைப் பார்த்தான். "பிடிச்சிருக்கு. அதான் கஷ்டமே."

ப்ரியம்வதாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. அந்த நிமிஷம் 'அவசரப்படாதேள்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல அவள் நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. இந்தப் பக்கமும் தள்ளக் கூடாது, அந்தப் பக்கமும் தள்ளக் கூடாது.

"இதையெல்லாம் எங்கிட்ட பேசாதேள்" என்று சொல்லிவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மண்டபத்திலிருந்து வேதவதி இதையும் பார்த்தாள்.

துளசியோடு வந்த மாலினி நேராக மன்னியிடம்தான் வந்தாள். "மன்னி, காலையில சொன்னேளே, அந்தக் கேள்வியைக் கேட்டுடட்டுமா?"

ப்ரியம்வதாவுக்கு வேர்த்தது. காலையில் சொன்னது சுத்தமான வார்த்தை. அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதே வார்த்தையை இப்போது 'கேள்' என்றால், தெரிந்துகொண்டு தூண்டிவிட்டதாக ஆகும். 'வேண்டாம்' என்றால் அதைவிட மோசம்.

"உன் இஷ்டம் மாலினி" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மாலினி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். அவளும் பல்கலைக்கழகத்துக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறவள்தான். அத்தை பெண் பரீட்சை எழுதிய வருஷம், "இந்தத் தடவை என்னை விட்டுடுங்கோ" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகியவள். விலகி நிற்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ரகுநந்தனிடம் போனாள்.

"உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"உங்க வேலை நாளைக்கு எந்த ஊருக்குப் போனாலும் சரி, போகாட்டாலும் சரி, நான் இந்த ஊரை விட்டு வர மாட்டேன். என் காலேஜை விட மாட்டேன். அப்படி ஒரு நாள் வந்தா நீங்க என்ன பண்ணுவேள்?"

ரகுநந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நல்ல கேள்வி" என்றான். தூணுக்குப் பின்னால் ப்ரியம்வதா கண்ணை மூடிக்கொண்டாள். தாயாரிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எதை வேண்டிக்கொண்டாலும் ஒரு பக்கம் தள்ளுவது போலத்தானே?

"வேலையை மாத்திப்பேன்" என்றான் அவன். யோசித்து, எடை போட்டுச் சொன்ன பதில். "இங்கேயே வேற வேலை தேடுவேன். கிடைக்க நாளானா ஆகட்டும். அதுவரைக்கும் அகத்துல தளிகை, சமையல் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"தளிகை பண்ணத் தெரியுமா?"

"தெரியாது."

மாலினி வாய்விட்டுச் சிரித்தாள். சந்நிதியில் சிரிக்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தாள். மணி அடித்தது, திரை விலகியது. எல்லாரும் கை கூப்பினார்கள். ப்ரியம்வதாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு மாமி, "எவ்வளவு பக்தி!" என்று மெச்சினாள்.

*

வீட்டுக்கு வந்ததும் மாலினி "சரி" என்றாள். ரகுநந்தன் "எனக்கும் சரி" என்றான். பேச வேண்டிய விஷயமே இல்லை என்பது போல அம்மாக்கள் நேராகப் பட்சணப் பட்டியலுக்குப் போனார்கள். கோமளவல்லி வாய் நிறையச் சிரிப்போடு ஆட்டோ ஏறினாள். ப்ரியம்வதா மாடிக்குப் போய் மூன்று மாத உழைப்பைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு வந்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது வலித்ததென்னவோ உண்மை. கீழே மாலினி பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தபோது வலி கொஞ்சம் குறைந்ததும் உண்மை.

சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு வேதவதி அவளைச் சமையலறையில் மடக்கினாள்.

"இப்படி உக்காரு. நீயும் அந்தப் பையனும் முன்னாடியே தெரிஞ்சவாளா?"

"அம்மா..."

"காலையில அவனைப் பாத்துட்டுத் தட்டைக் கவுத்தே. மாடிக்குப் போய் அழுதுட்டு வந்தே. கோயில்ல குசுகுசுன்னு பேசினேள். நான் பாத்துண்டுதான் இருந்தேன். என் பொண்ணு வாழ்க்கைடி ப்ரியா. எதுவானாலும் எங்கிட்ட சொல்லிடு."

வேதவதியின் குரலில் இப்போது அதிகாரம் இல்லை, பயம் இருந்தது. அதைக் கேட்டு ப்ரியம்வதாவின் மனசு கரைந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் இந்த அம்மாளின் பயம் தீர்ந்துவிடும். ஆனால் புதன்கிழமை வரைக்கும் அந்த வாக்கியம் அவளுடையது இல்லை.

"கம்பெனி விஷயம் நான் பேச மாட்டேன் அம்மா. தப்பா ஒண்ணும் இல்லை. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வேதவதி பதில் சொல்வதற்குள் மாலினி போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். பின்னாலேயே தேசிகன்.

"அம்மா, இதைப் பாரேன். நியூஸ்ல வந்திருக்கு. அமிர்தவாகினி பம்ப்ஸோட திருச்சி டிசைன் பிரிவை புனேக்கு மாத்தப் போறாளாம்."

வேதவதி அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ரங்கநாதா! சரின்னு சொல்லி அரை நாள் ஆகலையே! இப்ப என்ன பண்றது? மாப்பிள்ளை புனேக்குப் போயிடுவாரா?"

"போக மாட்டார்" என்றாள் மாலினி. கண் பளபளத்தது. "அம்மா, உனக்குப் புரியலையா? கோயில்ல நான் கேட்டப்போ இது அவருக்குத் தெரியும். இது அவர் டிபார்ட்மெண்ட்தானே? பேச்சுக்குச் சொல்லலை. தன் வேலை போகப்போறதுன்னு தெரிஞ்சுண்டேதான், 'மாத்திப்பேன், இங்கேயே இருப்பேன்'னு சொன்னார்."

தேசிகன் தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வேதவதி மெள்ளத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். தட்டைக் கவிழ்த்தது, மாடி, அழுகை, தூண் எல்லாம் அவள் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன. "உனக்கும் தெரியும். இல்லையா?"

ப்ரியம்வதா தலையைக் குனிந்துகொண்டாள். "மாலினி, எங்கிட்ட கோபமா?"

"நீங்க தூணுக்குப் பின்னாடி போய் நின்னப்பவே எனக்கு எதுவோ இருக்குன்னு தெரியும் மன்னி. சொல்லியிருந்தேள்னா பயந்துபோய் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இப்படி ஒரு மனுஷரைக் கோட்டை விட்டிருப்பேன்." மாலினி அவளைக் கட்டிக்கொண்டாள். ப்ரியம்வதா காலையில் அழ விட்டுப்போனதையும் சேர்த்து அழுது தீர்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேட்ரிசியா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"நியூஸ் பாத்தியா? மூணு நாள் முன்னாடியே வெளியே வந்துடுச்சு. கம்பெனிக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க. மீட்டிங்ல இருந்தவங்க எல்லாரையும் விசாரிக்கப் போறாங்க. உறவுன்னு நீ சொன்னதை நான் காலையிலயே எழுதிப் பதிவு பண்ணிட்டேன். இப்ப எல்லாரும் முதல்ல உன் பேரைத்தான் பாக்கறாங்க."

"மேடம், நான் யார்கிட்டயும் சொல்லலை. வீட்ல ஒரு வார்த்தைகூட மூச்சு விடலை."

"நான் நம்பறேன். ஆனா அதை எப்படி நிரூபிப்பே?"

மத்தியானம் ஃபைல் போனது சரத்குமாரிடம். சாயங்காலம் செய்தி வெளியே. ப்ரியம்வதாவின் நாக்கு நுனிவரை அந்தப் பேர் வந்தது. கடித்துக்கொண்டாள். கையில் ஆதாரம் எதுவும் இல்லை. சந்தேகத்தையும் அவிழ்த்து விடக் கூடாது.

அவள் கையிலிருந்த போன் காணாமல் போனது. அது வேதவதியின் காதில் இருந்தது.

"நான் இவ மாமியார் பேசறேன். வேதவதி. நீங்க யாரோ என்னமோ, பெரிய அதிகாரியாவே இருங்கோ. எங்க மாட்டுப்பொண் வாயைத் திறந்தாளான்னு கேக்கறேளா? இன்னிக்கு என் பொண்ணோட வாழ்க்கையே பணயமா இருந்தது, அப்பவும் இவ சொல்லலை. நான் கெஞ்சிக் கேட்டேன், அப்பவும் சொல்லலை. உங்களுக்கு சாட்சிதானே வேணும்? எங்காத்துல ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. அது நல்லதா கெட்டதான்னு கேட்டதுக்கே வாயைத் திறக்காதவ இவ! விசாரிக்கற ஆளை நாளைக்கே அனுப்புங்கோ. காபி தரேன். பால் எப்படியும் திரிஞ்சுதான் இருக்கும், அதையே சாட்சியா எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ!"

பேட்ரிசியா சிரிக்கிறாளா, யோசிக்கிறாளா என்று தெரியவில்லை. வேதவதி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் மட்டும் அதன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.